போயிட்டு வரேன், ஜப்பானில்

ஜப்பான் மொழியில் எனக்குத் தெரிந்திருந்தது ஒரே சொல், 'சயோனாரா'. 1966-இல் வந்த 'லவ் இன் டோக்கியோ' இந்திப் படப் பாட்டின் உபயம்.

டோக்கியோவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போயிருந்தேன். மறுநாள் காலை ஏழு வயதுப் பேத்தி பள்ளிக்குக் கிளம்ப, நமக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள, கையை ஆட்டி 'சயோனாரா' என்றேன். குழந்தையின் முகம் மாறிவிட்டது. "நான் திரும்பி வந்தா நீங்க இருக்க மாட்டீங்களா தாத்தா?"

பள்ளி விடும்போது வாத்தியாரிடம் அப்படிச் சொல்வார்களாம். வீட்டு மனிதர்களிடம் சொல்வதில்லையாம். 'அப்படியென்றால்' என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். அதற்கு மேல் வாக்கியமே இல்லை! நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். 'ஓ ர்வுவார்' என்றால் மறுபடி பார்க்கும்வரை, 'அத்யே' என்றால் இனி கடவுள் பார்த்துக்கொள்வார். சயோனாராவில் இரண்டுமே இல்லை.

வீட்டிலிருந்து கிளம்புகிறவர் சொல்வது 'இத்தே கிமாஸ்'. இத்தே, போய், கிமாஸ், வருகிறேன். அச்சு அசல் நம் 'போயிட்டு வரேன்'தான். உள்ளே இருப்பவர் 'இத்தேராஷ்ஷாய்' என்பார், போயிட்டு வாங்க.

ஆபீஸில் வேறு மாதிரி என்றார் மாப்பிள்ளை. முதலில் எழுந்து போகிறவர், 'உங்களுக்கு முன்னால் போகிறேன், மன்னிக்கணும்' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். நாங்களெல்லாம் குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு, ஆள் இருக்கிற மாதிரி நழுவினவர்கள். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்ட ஞாபகம் இல்லை.

விருந்தாளி விடைபெறும்போது 'ஒஜாமா ஷிமாஷிதா' என்பது மரியாதை. தொந்தரவு கொடுத்துவிட்டேன் என்று பொருள். ஊருக்குத் திரும்புவதற்கு முன் அதைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுபத்தாறு வயது, இரண்டு முட்டியிலும் வலி. மறுபடி வருவேன் என்று மகளும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. நரிதா விமான நிலையத்தில் அவள் பெட்டியின் பூட்டையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் பேத்தி முந்திக்கொண்டாள்: "இத்தேராஷ்ஷாய், தாத்தா!"

மனப்பாடம் செய்ததை விழுங்கிவிட்டு, "இத்தே கிமாஸ்" என்றேன்.

பாஸ்போர்ட் வருகிற மார்ச்சில் முடிகிறது. புதுப்பிக்க இன்று மனுப் போட்டேன்.