பதினெட்டு

அரியாங்குப்பம் வீட்டில் ஃபேன் ஆடினால் அம்மா என்னைத்தான் கூப்பிடுவாள். "ஹெலிகாப்டரையே சரி பண்ணவன்தானே, இத பாருடா." றெக்கை மேல் ஒரு ரூபாய்க் காசை ஒட்டுவேன். ஆட்டம் நின்றுவிடும்.

அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளியிலும் ஏறக்குறைய அதே வேலைதான். சேத்தக்குக்கு மூன்று றெக்கை, நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று. ஒன்று கொஞ்சம் கனத்தாலும் மொத்த மெஷினும் நொடிக்கு ஆறு தடவை உதறும். அந்தக் காலத்தில் றெக்கை நுனிகளில் வேறுவேறு கலர் தடவி, கம்பில் கட்டிய துணியைப் பக்கத்தில் நீட்டுவார்களாம். துணியில் விழும் கறை எது மேலே ஓடுகிறது, எது கீழே என்று காட்டும். எது கனம் என்று காட்டாது. எங்கள் கருவியில் சென்சார் உதறலின் அளவைச் சொல்லும், ஸ்ட்ரோப் விளக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும். சார்ட்டில் புள்ளி வைத்து, அதற்கேற்பச் சின்ன எடை சேர்ப்போம்.

அப்புறம் பறந்து பார்க்கணும். எடை வைத்தவனும் ஏறணும்.

முதல் தடவை மேலே போனதும் சீட் நடுங்கியது. தப்புப் பண்ணிட்டேன் என்றே நினைத்தேன். சீனியர் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "ஆறா இருந்தா உடம்பே குலுங்கும்டா. இது பதினெட்டு. மூணு றெக்கையும் காத்த வெட்டுறது. எந்த எடை வச்சாலும் போகாது."

இறங்கிக் கையெழுத்துப் போட்டேன். பேனா நேராக ஓடவில்லை.