எந்த மாதம், சாமி?

இராசபாளையத்துக்காரர் கடலைக் காண வேண்டுமானால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோ பேருந்து ஏறவேண்டும். மேற்கே மலை, மற்றப் பக்கமெல்லாம் வயலும் தோப்பும் பருத்திக் காடும். 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய நூற்பாலையைத் தொடர்ந்து ஆலைகள் பெருகிய ஊர் இது. நம் பங்கு மக்களில் பலர் அந்த ஆலைகளை நம்பி எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள். அப்படிப்பட்ட ஊரில், பாய் விரித்த படகில் தீவு தீவாகச் செல்லும் ஒரு விடுமுறைக்குத் திட்டம் வகுக்கும் வேலை பங்குக் குருவின் மேசைக்கு வந்து சேரும் என்று நாம் கனவிலும் எண்ணியதில்லை.

சென்ற ஆண்டு சூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டாம் திருப்பலி முடிந்து திருவுடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, ஓர் ஆசிரியை கையில் சில அச்சுத்தாள்களோடு வந்து நின்றார். அவருடைய தந்தை நம் பங்கில் நெடுநாள் வாழ்ந்தவர். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியையும் அடக்கம் செய்தபின், திருவில்லிபுத்தூரில் மகளோடு இருக்கிறார். வயது எழுபத்தைந்து. மகன் ஜெர்மனியில் பொறியாளர். அந்த மகன் ஒரு பாய்ப்படகை ஒரு வார காலத்திற்கு வாடகைக்குப் பேசி, முன்பணமும் கட்டிவிட்டார். குரோவாசியா நாட்டின் கடற்கரையோரம் தந்தையையும் தமக்கையையும் தம் குடும்பத்தையும் அழைத்துச் செல்வது என்பது ஏற்பாடு. தந்தையோ வர மறுக்கிறார்.

"தம்பி உங்ககிட்டப் பேசச் சொன்னான், ஃபாதர். அப்பா உங்க வார்த்தையைத் தட்டமாட்டாங்க" என்றார் ஆசிரியை.

அன்று மாலையே மகன் தொலைபேசியில் பேசினார். அவர் சொன்ன காரணம் நம்மை அசைத்துவிட்டது. அவருடைய தந்தை பிறந்தது திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில். இளமையில் கட்டுமரத்தில் சென்று மீன்பிடித்தவர். இருபத்தொன்பது வயதில் கடலை விட்டு இங்கு வந்து, முப்பதாண்டுகள் பஞ்சுத் தூசியில் நின்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். "ஒரு தடவையாவது அப்பாவை மறுபடி கடல்ல பார்க்கணும் ஃபாதர். அந்தப் படகுக்குப் பேரே கட்டமரான்தான்!" என்றபோது மகனின் குரல் தழுதழுத்தது.

அந்தப் பெயரைப் பற்றி இங்குச் சொல்லியாக வேண்டும். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி 1697-ல் வெளியிட்ட தம் பயண நூலில் சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறித்து எழுதினார். நம் சொல் அவ்வாறு ஆங்கிலத்தில் ஏறிற்று. ஆனால் இன்று உலகம் அப்பெயரால் அழைக்கும் படகு நம்முடையது அன்று. இரண்டு உடல்களை இடைவெளி விட்டு இணைத்து, மேலே தளம் அமைத்த படகு அது. பசிபிக் தீவு மக்களின் கலங்களுக்கே அது நெருங்கிய உறவு. 1876-ல் அமெரிக்கரான நத்தானியல் ஹெரஷாஃப் அத்தகைய படகொன்றைப் பந்தயத்தில் ஓட்டி வென்றார். படகின் வடிவம் விதிக்குப் புறம்பானது என்று அந்த வெற்றியைத் தள்ளிவிட்டார்கள். நம் கட்டுமரமோ ஆணியே இல்லாமல், மரங்களை அடுக்கிக் கயிற்றால் பிணைத்தது. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களை மணலில் காயப்போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும் என்பதால். மரம் நம்மிடமே தங்கிவிட, பெயர் மட்டும் கப்பலேறிற்று. இப்போது மரமும் அருகிவிட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளில் கண்ணாடியிழைப் படகுகளே பெருகிவிட்டன.

தாள்களை விரித்துப் பார்த்தோம். ஸ்பிலிட் நகரில் ஏறி, பிராச், ஹ்வார், விஸ், கோர்ச்சுலா, மிலியட் என்று தீவுகளைத் தொட்டு, பகலில் ஓடி இரவில் துறையில் கட்டி, மறு சனிக்கிழமை புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. படகை ஓட்ட உரிமம் பெற்ற தலைவர் ஒருவர் கூலிக்கு வருவார். குரோவாசியா 2023 சனவரி முதல் நாள் ஷெங்கன் வட்டத்திற்குள் வந்துவிட்டதால், ஜெர்மனிக்குப் பெறும் விசாவே போதும்.

இவ்விடத்தில் நம் குறை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பெரியவர் வருவாரா மாட்டாரா என்பதை மறந்து, நாமே அப்பயணத்தில் மூழ்கிப்போனோம். ஸ்பிலிட் நகரின் பேராலயம் எது தெரியுமா? 303-ஆம் ஆண்டில் கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தத் தொடங்கிய தியோக்கிளேசியன் பேரரசன், தன் உடலை அடக்கம் செய்யத் தன் அரண்மனைக்குள் கட்டிய மண்டபம்! கோர்ச்சுலாத் தீவார் மார்க்கோ போலோ தங்கள் ஊரில் பிறந்தவர் என்று உரிமை கொண்டாடுகிறார்கள். வெனிசு நகரத்தார் அதை ஏற்பதில்லை. எங்குப் பிறந்திருந்தாலும், நம் காயல் துறைமுகத்தையும் முத்துக்குளிப்பையும் எழுதி வைத்தவர் அவர்.

மிலியட் தீவு நம்மை இன்னும் இழுத்தது. திருத்தூதர் பவுல் கப்பலுடைந்து ஒதுங்கிய தீவு மால்ட்டா என்று குருமடத்தில் படித்தோம். ஆனால் இக்னியாத் ஜூர்ஜெவிச் என்ற ஆசீர்வாதப்பர் சபைத் துறவி 1730-ல் ஒரு நூல் எழுதி, அது மால்ட்டா அன்று, தம் நாட்டு மிலியட்டே என்று வாதாடினார். இரண்டுக்கும் பழைய பெயர் ஒன்றே. திருத்தூதர் பணிகள் நூலும் கப்பல் அலைக்கழிந்தது ஆதிரியாக் கடலில் என்றே கூறுகிறது. பழங்காலத்தார் இன்றைய ஆதிரியாவுக்குத் தெற்கேயுள்ள பெருங்கடற்பரப்பையும் அப்பெயரால் அழைத்ததால், மால்ட்டாவின் கட்சியே வலுவானது. ஆனாலும் தம் தீவுக்காக அத்துறவி கொண்ட ஆர்வத்தை எண்ணி மகிழ்ந்தோம். நில வரைபடத்தில் பென்சிலால் கோடு கிழித்து, எந்தத் தீவில் எந்தக் கோவிலில் திருப்பலி காணலாம் என்றுகூடக் குறித்துவிட்டோம்.

மறுநாள் திருவில்லிபுத்தூர் சென்றோம். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவுதான். ஆண்டாள் கோவிலின் 192 அடிக் கோபுரம் தெரியத் தொடங்கியதும் மனத்தில் ஒரு பிரசங்கம் தயாராகிவிட்டது. பெரியவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். பக்கத்துத் தெருவில் பால்கோவாவுக்குப் பால் சுண்டும் மணம். பிள்ளையின் அன்பைச் சொன்னோம்; அந்தப் படகில் கட்டிலும் குளியலறையும் இருப்பதைச் சொன்னோம்; ஆண்டவர் கடலின் மேல் நடந்ததையும், பேதுரு பயந்து அமிழ்ந்ததையும் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "வேண்டாம் சாமி" என்றார். அவ்வளவுதான்.

இரண்டாம் முறையும் போனோம். பயத்தை வெல்வது பற்றி இன்னும் விரிவாகப் பேசினோம். பேச்சை முடித்து எழுந்தபோது அவர் கேட்டார்:

"எல்லாம் சொன்னிய. எந்த மாசம், சாமி?"

"அக்டோபர் கடைசி வாரம். அங்கே பிள்ளைகளுக்கு அப்போது விடுமுறை. வாடகையும் கோடையில் இருப்பதில் பாதிதானாம்."

"அப்ப நம்ம ஐப்பசில்லா?" என்றார். சற்று நேரம் தெருவையே பார்த்திருந்துவிட்டு, "அங்க அந்த மாசம் காத்து எந்தப் பக்கத்துல இருந்து அடிக்கும்?" என்றார்.

நமக்குத் தெரியவில்லை. பேரரசனின் கல்லறை தெரிந்தது, துறவியின் நூல் தெரிந்தது, காற்று தெரியவில்லை.

"கடலுக்கு நான் பயப்படுதேன்னு நீங்களா நினைச்சுக்கிட்டிய. கடலுக்கு மாசம் உண்டு. அத ஒருத்தரும் கேக்கல" என்றார்.

அதன்பின் அவர் சொன்னவை, இருபதாண்டுகளாய் அவரை அறிந்த நமக்குப் புதியவை. அவரும் அவருடைய அண்ணனும் ஒரே மரத்தில் போவார்கள். விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போய், பகலில் கடற்காற்றில் திரும்பி வருவது வழக்கம். ஓர் ஐப்பசி மாதத்து விடியலில், காற்று சரியில்லை, போகவேண்டாம் என்றார் தம்பி. அண்ணனுக்கும் அது தெரியாததன்று. ஆனால் வலைக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள்; இரண்டு வாரமாய் மீன் கொடுக்கவில்லை. வியாபாரி கரைக்கே வந்து நின்றாராம். போனார்கள். வாடை திரும்பி அடித்தது. மரம் புரண்டது. கட்டுமரம் புரண்டாலும் அமிழாது, பற்றி ஏறிக்கொள்ளலாம். தம்பி ஏறினார். அண்ணன் ஏறவில்லை. அடுத்த ஆண்டு அவர் இராசபாளையத்துக்குப் பேருந்து ஏறினார். பிள்ளைகள் இருவருக்கும் இந்தக் கதை தெரியாது. கடல் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அன்றிரவு திருத்தூதர் பணிகள் நூலின் 27-ஆம் அதிகாரத்தை மீண்டும் படித்தோம். அதைப் பலமுறை படித்தவர்கள் நாம், மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். புயல், இருநூற்று எழுபத்தாறு பேர், பதினான்காம் நாள் இரவு, அப்பம் பிட்ட பவுல் என்று நம் மறையுரைகள் எல்லாம் பிற்பாதியிலேயே நின்றிருந்தன. முற்பாதியில் ஒரு சிறு செய்தி இருக்கிறது. யூதரின் நோன்பு நாளும் கடந்துவிட்டது என்கிறார் லூக்கா. அதாவது இலையுதிர்காலம் தொடங்கிவிட்டது. உரோமையர் நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் பூட்டப்பட்டதாகவே கொண்டார்கள் என்றும், செப்டம்பர் நடுவிலிருந்தே ஐயப்பாடான காலம் என்றும் வெகேசியுஸ் எழுதியுள்ளார். பவுல் போகவேண்டாம் என்று சொல்கிறார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியையும் கப்பல் உரிமையாளனையும் நம்புகிறான். அவன் கெட்டவனும் அல்லன். பவுலிடம் பரிவோடு நடந்தவன். கைதியாக வந்தவனுக்குக் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று எண்ணியிருப்பான். ஆனால் அதற்கு முன்பே மூன்று முறை கப்பல் சிதைவில் சிக்கியவர் பவுல். கொரிந்தியருக்கு எழுதிய மடலில் அவரே அதைச் சொல்கிறார்.

திண்ணையில் நாம் ஆற்றிய இரண்டு பிரசங்கங்களையும் எண்ணி நாணினோம்.

மறுநாள் பங்கு இளைஞர் ஒருவரை உட்கார வைத்து, ஆதிரியாக் கடலின் காற்றுகளைத் தேடினோம். கோடையில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து பிற்பகலில் எழுந்து மாலையில் தணியும் மாயிஸ்திரால். பாய்ப்படகுக்கு அது தோழன். குளிர்காலம் நெருங்க நெருங்க, மலையிலிருந்து திடீரென்று வடகிழக்காய்ப் பாயும் போரா. தென்கிழக்கிலிருந்து மழையோடும் பெரிய அலையோடும் நாள்கணக்கில் வீசும் யூகோ. அக்டோபரில் படகு ஓட்டுவோர் இல்லாமல் இல்லை. வானிலை அறிவிப்பு உண்டு. ஒதுங்கத் துறைகள் உண்டு. ஆனால் அக்டோபரோடு பருவம் முடிகிறது, பாதி வாடகைக்குக் காரணமும் அதுவே. ஏழு நாளில் மூன்று நாள் துறையிலேயே கட்டிக்கிடக்கவும் நேரலாம்; எழுபத்தைந்து வயதுக்காரர் ஈரத்தில் நடுங்கவும் நேரலாம்.

மகனிடம் சொல்வது எளிதாக இல்லை. "அப்பாவைச் சம்மதிக்க வைப்பீங்கன்னு பார்த்தா நீங்களே அந்தப் பக்கம் போயிட்டீங்களே, ஃபாதர். முன்பணம் கட்டியாச்சே" என்றார். முன்பணம் என்ற சொல் நம் காதில் வேறு மாதிரி விழுந்தது. பெரியப்பாவைப் பற்றித் தந்தையிடமே கேளுங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டோம். அவர் கேட்டார். அவ்விருவரும் அன்றிரவு என்ன பேசினார்கள் என்பதை நாம் விசாரிக்கவில்லை. ஆசிரியை மட்டும் மறுநாள், "அப்பாவும் தம்பியும் இவ்வளவு நேரம் பேசி நான் பார்த்ததே இல்லை" என்றார்.

படகு நிறுவனம் முன்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை வேறு தேதிக்கு மாற்றித்தர இசைந்தது. மகன் வாழும் பவேரியாவில் பெந்தக்கோஸ்துத் திருநாளை ஒட்டிப் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை உண்டாம். மே இறுதி, சூன் தொடக்கம். வாடகை கூடுதல்தான். ஒருநாள் குறைத்துக்கொள்ளலாமா என்று மகன் கேட்டிருக்கிறார். முடியாது, சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரைதான் என்று பதில் வந்ததாம். தேதி பெரியவரிடம் சொல்லப்பட்டபோது, "நம்ம வைகாசி. சரி" என்றார்.

பவுலின் கப்பலைப் பற்றியும் அவரிடம் சொன்னோம். இம்முறை பிரசங்கமாக அன்று; ஒரு தொழில்காரரிடம் கேட்பதுபோல. மாலுமிகள் கயிறுகளைக் கொண்டு கப்பலின் உடலையே சுற்றிக் கட்டினார்கள் என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை சுற்று என்று கேட்டார். லூக்கா அதை எழுதவில்லை. நூலிட்டு ஆழம் பார்த்து, இருபது பாகம் பதினைந்து பாகமாய்க் குறைந்ததும் பின்பக்கமாக நான்கு நங்கூரம் இறக்கியதைச் சொன்னபோது, "முன்னால போட்டிருந்தா சுத்தி அடிச்சிருக்கும். விவரமான ஆளுக" என்றார்.

இப்போது நாம் போகும்போதெல்லாம் பேத்தியின் கைப்பேசியில் அந்தக் கடலின் காற்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். போராவுக்கு வாடை என்றும் யூகோவுக்குச் சோழகம் என்றும் பெயர் வைத்துவிட்டார். மருத்துவர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கடவுச்சீட்டு வந்துவிட்டது, விசாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சென்ற வாரம் படகின் படத்தை நெடுநேரம் பார்த்திருந்து, இரண்டு உடல்களுக்கும் நடுவே விரலை வைத்து, "இது புரண்டா என்ன செய்யும்?" என்று கேட்டார். அடியில் கனத்த ஒற்றை உடல் படகு நிமிர்ந்துகொள்ளும் என்றும், இது எளிதில் புரளாது, புரண்டால் தானாக நிமிராது என்றும் நாம் படித்ததைச் சொன்னோம்.

"அப்ப அந்தப் படகுத் தலைவன்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்" என்றார். "அவனுக்குத் தமிழ் தெரியாதே" என்றார் மகள்.

"காத்தக் கையக் காட்டிக் கேட்டாப் புரியும்" என்றார் பெரியவர்.