ஆண்டுக்கு ஒரு டாலர்

மனம் ஒட்டாமல் சம்பளத்துக்காக மட்டும் செய்யும் வேலையைக் ‘கூலிக்கு மாரடிப்பது’ என்பார்கள். அதற்கு நேர் எதிராக வாழ்ந்து காட்டியவர் ராட் டெடோ. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1986 வரை பேஸ்பால் பயிற்சியாளராக இருந்தார். அவர் பெற்ற சம்பளம் ஆண்டுக்கு ஒரே ஒரு டாலர்!

1914-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த டெடோ, அதே பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணியில் ஆடியவர். 1935-ல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியில் இடம் கிடைத்தது. ஆனால் அங்கே ஆடியது இரண்டே ஆட்டங்கள். பின்னர் முதுகில் ஏற்பட்ட காயம் அவருடைய ஆட்ட வாழ்க்கையை முடித்துவிட்டது. மனிதர் சோர்ந்து உட்காரவில்லை. 500 டாலர் முதல் போட்டு லாரிப் போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கினார். குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். மனத்துக்குச் சோறு போட்டது மைதானம்.

1942-ல் அவருடைய குருவான சாம் பாரி கடற்படைக்குச் சென்றபோது அணி டெடோவின் கைக்கு வந்தது. குரு திரும்பியதும் இருவரும் சேர்ந்தே அணியை நடத்தினார்கள். 1948-ல் முதல் தேசியப் பட்டம் கிடைத்தது. அன்று தோற்ற யேல் பல்கலைக்கழக அணியின் தலைவர், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மூத்த ஜார்ஜ் புஷ்.

டெடோவின் பயிற்சிமுறை எளிமையானது. கை தவறிப் பந்தை விடுவது மனித இயல்பு; அதை மன்னிப்பார். கவனம் தவறிச் செய்யும் பிழையை மட்டும் விடமாட்டார். ஆட்டம் முடிந்ததும் வேடிக்கையாக ஒரு ‘நீதிமன்றம்’ கூடும். குற்றவாளியும் சிரிப்பான், பிழையும் மனத்தில் பதியும்.

சலுகையும் சும்மா கிடைக்காது. பல் மருத்துவப் படிப்பை மனத்தில் கொண்டிருந்த இளைஞர் டாம் சீவர், கல்வி உதவித்தொகை வேண்டி நின்றார். முதலில் அலாஸ்காவின் கோடைக்கால அணியில் பந்தெறிந்து திறமையைக் காட்டும்படி 1964-ல் அனுப்பினார் டெடோ. பல் மருத்துவம் ஒரு வைத்தியரை இழந்தது. பேஸ்பால் 311 வெற்றிகள் கண்ட ஒரு மேதையைப் பெற்றது.

1973-ல் ஓமஹா நகரில் நடந்த அரையிறுதியை ரசிகர்கள் மறக்கமாட்டார்கள். பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் ஒன்பது முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு உண்டு. எட்டு வாய்ப்புகள் முடிந்தும் டெடோவின் அணி ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. எதிரணியான மின்னசோட்டாவுக்கு ஏழு ஓட்டங்கள். அதன் பந்தெறிவீரர் டேவ் வின்ஃபீல்ட் பதினைந்து பேரை வெளியேற்றியிருந்தார். கடைசி வாய்ப்பில் அவர் களைத்தார். டெடோவின் பிள்ளைகள் களைக்கவில்லை. எட்டு ஓட்டங்கள் குவித்து 8–7 என வென்றார்கள்! இறுதி ஆட்டத்திலும் வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்கள். 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள் அவர்களுடையவை.

தொழில்முறை அணிகள் அழைத்தும் அவர் போகவில்லை. கல்லூரி ஆட்டமும் குடும்பத்தின் அருகாமையும் அவருக்குப் போதுமாக இருந்தன. 1984 ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியை நடத்தியவரும் அவரே. இறுதி ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்றார்கள். மொத்தம் 11 தேசியப் பட்டங்கள், 1,332 வெற்றிகள். 2006 ஜனவரி 5-ல், 91-வது வயதில் காலமானார்.

சம்பளமில்லாத வேலையில் ‘இது போதும்’ என்ற அலட்சியம் எளிதில் புகுந்துவிடும். பொதுத் தொண்டு செய்கிறவர்கள் எல்லோரும் அறிந்த ஆபத்து இது. ஒரு டாலர் வேலைதானே என்று டெடோ ஒரு சிறு கவனக்குறைவைக்கூடப் பொறுத்துக்கொண்டதில்லை. அவருடைய பெருமை பட்டங்களில் மட்டும் இல்லை; இந்தக் கண்டிப்பிலும் இருக்கிறது.