கிளாத்தி கடிச்ச விரல்

மூணு வருஷத்துக்கு முன்னால என் வலது கை நடுவிரலை ஒரு மீன் கடித்தது. அந்த விரல் இன்னமும் முழுசாக மடங்குவதில்லை.

வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள், வைக்க ஆசைப்படுபவர்கள், மீன் வெட்டும் வேலை செய்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வீடு திருவந்திபுரத்தில். கடலூரில் கிளினிக். கெடிலம் கடலில் சேரும் தேவனாம்பட்டினம் வீட்டிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். "கடல் பக்கத்துலயே இருக்கு, உப்புத் தண்ணிக்கு என்ன பஞ்சம்"னு நினைத்துத்தான் கடல்மீன் தொட்டி வைத்தேன்.

முதல் பாடம் அங்கேயே கிடைத்தது. கடல்நீரில் லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கலந்ததும் கரையோரத் தண்ணீரில் அது குறைந்துவிடும். பார்வைக்கு அதே கடல்தான். மீட்டர் வேறு கணக்கு சொல்லும். கடைசியில் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புப் பொடியைக் கலந்துதான் தொட்டியை நிரப்பினேன்.

இரண்டாவது பாடம், தொட்டிக்கும் ஒரு கிட்னி வேண்டும். மீன் வெளியேற்றும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு ஆபத்து குறைவான நைட்ரேட்டாகவும் மாற்றுவது பாக்டீரியாக்கள்தான். அவை ஃபில்டரிலும் கற்களிலும் வளர்வதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரன் என்பதால், பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றையும் வாங்கி வைத்தேன்.

இவ்வளவும் சரியாகச் செய்தேன். தப்பு செய்தது மீனைத் தேர்ந்தெடுத்ததில்.

சென்னை கொளத்தூரில் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். பிக்காசோ ட்ரிகர். ஓவியர் தூரிகையால் இழுத்த மாதிரி உடம்பில் கோடுகள். நீளம் ரெண்டு இஞ்சுக்கும் குறைவு. கண்ணாடிப் பக்கம் போனால் ஓடி ஒளியாமல் நம்மைப் பார்க்க வரும். ஒரு கண்ணால் நம்மையும் இன்னொரு கண்ணால் வேறு எதையோ தனித்தனியாகப் பார்க்கும். மயங்கிவிட்டேன்.

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஒரு மீனவப் பெரியவருக்கு செல்போனில் படத்தைக் காட்டினேன். சிரித்தார்.

"கிளாத்தி ஜாதி சார் இது. வலையையே கடிச்சிரும். தோலை உரிச்சுட்டுக் கொழம்பு வைக்கிற மீனை காசு குடுத்து வீட்ல வச்சிருக்கீங்களே!"

அவர் சொன்னதுதான் அறிவியல். கிளாத்தியின் பற்கள் உளி மாதிரி. கடல் முள்ளெலி, நண்டு, சிப்பி என்று ஓடுள்ளதை எல்லாம் உடைத்துத் தின்னப் படைக்கப்பட்ட வாய். முதுகில் மடங்கிக் கிடக்கும் முதல் முள்ளை நிமிர்த்தி, இரண்டாவது முள்ளால் பூட்டிக்கொள்ளும். பிறகு பாறை இடுக்கிலிருந்து யாராலும் இழுக்க முடியாது. அந்த இரண்டாவது முள்தான் துப்பாக்கி விசை மாதிரி. அதை அமுக்கினால்தான் பூட்டு திறக்கும். ட்ரிகர் என்ற பெயரே அதனால்தான்.

என் தொட்டி மூணடி நீளம், சுமார் 190 லிட்டர். பிக்காசோ வளர்ந்தால் ஓர் அடி வரை போகும். அதற்கு 450 லிட்டராவது வேண்டும். இது எனக்குத் தெரியும். "சின்னதா இருக்கும்போது வச்சுக்கலாம், பிறகு பெரிய தொட்டி வாங்கிடலாம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "அடுத்த மாசம் சுகர் டெஸ்ட் எடுத்துக்கறேன் டாக்டர்" என்று என்னிடம் சொல்கிறார்களே, அதே சமாதானம்.

எட்டாவது மாதத்தில் ஆட்டம் ஆரம்பித்தது. முதலில் இறால் காணாமல் போனது. அப்புறம் கோமாளி மீன் ஒன்றுக்கு வால் துடுப்பு இல்லை. தெர்மாமீட்டர் உடைந்தது. ராத்திரியில் கற்களை நகர்த்தும் சத்தம் கேட்கும். கடைசியில் தொட்டியில் அது மட்டும்தான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடியைத் துடைக்கக் கையை விட்டேன். நடுவிரல் முட்டியில் ஒரே கடி. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். டி.டி. ஊசி போட்டுக்கொண்டேன். நாலு நாளில் ஆறிவிட்டது. மறந்துவிட்டேன்.

மூணு வாரம் கழித்து அதே இடத்தில் சின்னதாக ஒரு சிவந்த முடிச்சு. வலி பெரிதாக இல்லை. களிம்பு தடவினேன். வழக்கமான ஆன்டிபயாடிக் ஒரு வாரம் சாப்பிட்டேன். போகவில்லை. பிறகு புறங்கையில் இரண்டாவது முடிச்சு. அதற்கு மேலே மூன்றாவது. மணிக்கட்டை நோக்கி வரிசையாக ஏறிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் கூட்டம். நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஆறு வாரம் ஓடிவிட்டது.

அதே வாரத்தில்தான் கால் புண்ணோடு வந்த சர்க்கரை நோயாளி ஒருவரிடம் "இவ்ளோ நாளா என்ன பண்ணீங்க?" என்று கத்தினேன்.

தோல் மருத்துவரான நண்பர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல மீன் தொட்டி இருக்கா?"

சதை எடுத்துப் பரிசோதித்ததில் தெரிந்தது: மைக்கோபாக்டீரியம் மரைனம். காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் உறவுக்கார பாக்டீரியா. 1926-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் இறந்த மீன்களில் முதலில் கண்டறியப்பட்டது. கடல்நீர், நன்னீர் இரண்டிலும் வாழும். மீன் கடித்துத்தான் வரவேண்டும் என்றில்லை. கையில் சிறு கீறல் இருந்து, தொட்டித் தண்ணீர் பட்டாலே போதும். 30 டிகிரிச் சூட்டில்தான் இதற்குக் கொண்டாட்டம். அதனால் உடம்பின் உள்ளே போகாமல் பெரும்பாலும் கை, விரல் போன்ற குளிர்ந்த இடங்களில் தங்கும். ஆய்வகத்திலும் 30 டிகிரியில் வளர்க்கச் சொல்லவேண்டும். வழக்கமான 37-இல் வைத்தால் தப்பிவிடலாம். நல்ல செய்தி, இது ஆளுக்கு ஆள் தொற்றாது.

நாலு மாதம் இரண்டு மாத்திரைகள். முடிச்சுகள் கரைந்தன. ஆனால் கிருமி அதற்குள் விரல் மூட்டைத் தொட்டிருந்தது. பிசியோதெரபி செய்தும் முழுசாக மடக்க வரவில்லை. முதல் முடிச்சிலேயே போயிருந்தால் இது நடந்திருக்காது.

மீனை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். "தேவனாம்பட்டினத்துல விட்டுடலாம்" என்றார்கள் வீட்டில். செய்யக்கூடாது. தொட்டிக் கிருமி கடலுக்குப் போகும். புதுச்சேரியில் ஆறடிக்கும் நீளமான தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்தேன். அங்கே அது தனியாக, நிறைய கற்குகைகளோடு இருக்கிறது. ராத்திரியில் கல் நகர்த்துவதில்லையாம். ஊரெல்லாம் அதை ரவுடி மீன் என்று திட்டிய எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாறைத்திட்டில் தனக்கென ஓர் எல்லை வைத்துக்கொண்டு வாழும் பிராணியை மூணடிப் பெட்டியில் அடைத்தது நான். அது தன் வேலையைச் செய்தது.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது:

வளர்ந்த பிறகு மீன் எவ்வளவு நீளம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கையில் காயம் இருந்தால் தொட்டிக்குள் விடாதீர்கள். நீளமான கையுறை போடுங்கள். முடிந்ததும் சோப்பால் கழுவுங்கள்.

ஆறாத முடிச்சு, புண் கையில் இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள், "சார், நான் மீன் வளர்க்கறேன்", "மீன் வெட்டற வேலை".

சர்க்கரை நோய், கல்லீரல் நோய் உள்ளவர்கள் இன்னும் கவனம். கடல்நீர் பட்ட காயம் ஓரிரு நாளில் வேகமாகச் சிவந்து வீங்கி, ரத்தக் கொப்புளம், காய்ச்சல் என்று போனால் அது வேறு கிருமி, விப்ரியோ. உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன மாதம் புதுச்சேரிக்குப் போயிருந்தேன். இப்போது ஒரு சாண் நீளம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று ஒரு கண்ணால் பார்த்தது.

நானும் பார்த்தேன். கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.