சாங்கி பழைய ஆஸ்பத்திரியும் வராத பேயும்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்து இறங்கும் பேச்சிலர் பையனுக்கு முதல் மாதத்திலேயே மூன்று பாடம் நடத்திவிடுவார்கள். ஒன்று, முஸ்தபாவில் எந்த மாடியில் என்ன வாங்கலாம். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போனால் ஊர்க்காரன் எவனையாவது பார்த்துவிடலாம். மூன்று, ராத்திரியில் சாங்கி பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் மட்டும் போய்விடாதே.

முதல் இரண்டையும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டேன். மூன்றாவதில்தான் சறுக்கல்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தீவின் கிழக்கு மூலையில், சாங்கி வில்லேஜ் பக்கத்தில் ஒரு சின்ன மேடு. அதன்மேல் 1930களில் பிரிட்டிஷ்காரர்கள் ராணுவத் தளத்தோடு சேர்த்துக் கட்டிய கட்டடங்கள். போருக்குப் பிறகு விமானப்படை ஆஸ்பத்திரியாக இருந்தது. பிரிட்டிஷ் படை 1971ல் கிளம்பியதும் சிலகாலம் மற்ற ராணுவங்களின் கையில் இருந்து, 1976 கடைசியில் பொதுமக்களுக்கான சாங்கி மருத்துவமனை ஆனது. 1997ல் சீமெய்யில் புதிய கட்டடம் வந்ததும் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மேட்டுமேல் இருந்தது காலியாகிப் போனது.

ஆள் போனால் பேய் வரும்தானே? வந்தது. ஒன்றல்ல, ஒரு பட்டாளம்.

என் அறைத்தோழர்கள் சொன்ன கணக்கு இது. தலையில்லாத ஜப்பானிய சிப்பாய். வராந்தாவில் நடக்கும் கிழவர். பிள்ளைகள் வார்டில் ஒரு பெண். மலாய்க்கார நண்பன் அவன் பங்குக்கு ஒரு பொந்தியானாக்கைச் சேர்த்தான் (நம்மூர் மோகினிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பிரசவத்தில் செத்தவள், வாழைமரத்தில் இருப்பாள், பூ வாசம் வந்தால் ஓடிவிட வேண்டும்). இதோடு விட்டார்களா? ஜப்பானிய ரகசியப் போலீஸ் கெம்பெய்த்தாய் அங்கேதான் ஆட்களைச் சித்திரவதை செய்தது, சுவரில் சங்கிலி அடித்த தடம் இருக்கிறது, கீழே சுரங்கம் கடற்கரை வரைக்கும் போகிறது, எல்லாம் அரசாங்கத்துக்குத் தெரியும், வெளியே சொல்ல மாட்டார்கள்... "இல்லாட்டி ஏண்டா இவ்ளோ நல்ல எடத்த இன்னும் இடிக்காம வச்சிருக்கான்? சிங்கப்பூர்ல ஒரு அடி நெலம் என்ன வெல தெரியுமா?"

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதனாலேயே நம்பினேன்.

அது 2004 ஆகஸ்ட். சீனர்களின் ஏழாம் மாதம். பசித்த ஆவிகளுக்காக பிளாக்குக்கு பிளாக் கீழே தகரப் பீப்பாயில் காகிதப் பணம் எரிந்துகொண்டிருந்தது. இந்த நேரத்தில் போனால்தான் 'ரிசல்ட்' கிடைக்கும் என்று ஒரு புண்ணியவான் சொல்ல, ஐந்து பேர் கிளம்பினோம். 29ஆம் நம்பர் பஸ். சாங்கி வில்லேஜில் நாசி லெமாக், தே தாரிக். (கடைசி சாப்பாடாக இருந்தாலும் நல்லதாக இருக்கட்டுமே.) பத்தரை மணிக்கு மேட்டில் ஏறினோம்.

உண்மையைச் சொல்கிறேன், பயங்கரமான இடம்தான். கடல் காற்றுக்காகவே கட்டிய கட்டடம் அது. உயரமான கூரை, நீள நீள வராந்தா, எங்கே பார்த்தாலும் திறப்பு. ஆள் இருக்கும்போது அது சௌகரியம். ஆள் இல்லாதபோது அதே காற்று ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போகிறது. தலைக்குமேல் வௌவால். மரத்தில் என்னவோ சரசரக்கிறது. ஒருத்தன் மட்டும் கந்த சஷ்டி கவசம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான். காலையில் "நான் நாத்திகன்" என்று சொன்ன அதே ஆள்.

கீழ்த்தள வராந்தாவின் அந்தக் கோடியில் ஒரு வெளிச்சம் அசைந்தது. பிறகு இரண்டாவது வெளிச்சம். அப்புறம் ஒரு அலறல் பாருங்கள், அப்படி ஒரு அலறல்! நாங்களும் பதிலுக்கு அலறினோம். யார் முதலில் ஓடினார்கள் என்பதில் இன்றுவரை தகராறு இருக்கிறது. சரிவில் உருண்டு, முள்ளில் விழுந்து, ரோட்டுக்கு வந்து மூச்சு வாங்கினால், எங்களுக்குப் பின்னாலேயே டார்ச் லைட்டோடு நாலு பாலிடெக்னிக் பசங்கள் வெளிறிய முகத்தோடு ஓடிவருகிறார்கள். இருட்டில் எங்கள் ஐந்து பேரையும் பார்த்துத்தான் அலறியிருக்கிறார்கள்.

ஆக, அன்றைக்கு சாங்கி ஆஸ்பத்திரியின் பேய், அடியேன்தான்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு மொக்கைப் பதிவு. மறுநாள் காலையில்தான் விஷயமே.

நாங்கள் வாடகைக்கு இருந்தது தெம்பனிஸில். அதே பிளாக்கின் கீழ்மாடியில் ஒரு தமிழ்ப் பாட்டி, அறுபத்து மூன்று வயது இருக்கும். ஜோகூர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் செய்து இங்கே வந்தவர். நான் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டார்.

"பசியாறிட்டியா தம்பி? கால்ல என்ன?"

அசடு வழியச் சொன்னேன். பாட்டி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கதான் நான் இருபது வருசம் வேல பாத்தேன்" என்றார்.

சாங்கி மருத்துவமனை பொதுமக்களுக்குத் திறந்தபோது அட்டெண்டன்டாகச் சேர்ந்தவராம். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது, படுக்கை மாற்றுவது, கழுவுவது. அங்கே பெரிய பாடு அந்த மேடுதானாம். ஒரு பிளாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும். "என் கடக்குட்டி அங்கதான் தம்பி பொறந்தான். ஜன்னலத் தொறந்தா கடல் தெரியும். அவ்ளோ காத்து. இப்ப போயி பேய் இருக்கு, பிசாசு இருக்குன்னு..."

"நீங்க ஒண்ணுமே பார்த்ததில்லையா பாட்டி?"

"நைட் டூட்டியில நர்ஸுங்க கத சொல்வாங்க. எந்த ஆஸ்பத்திரியில சொல்லல? எனக்கு ராத்திரி வந்த ஒரே பேய் தூக்கம்தான்."

எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. ஒருவர் இருபது வருஷம் உழைத்த இடம், அவர் பிள்ளை பிறந்த இடம். அதில் நான் டிக்கெட் இல்லாத சினிமா பார்க்கப் போயிருக்கிறேன்.

அதற்கப்புறம்தான் நூலகத்தில் போய் உட்கார்ந்து, கேட்ட கதைகளை ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்தேன். அங்கேதான் எனக்கு நிஜமான பயம் வந்தது.

கெம்பெய்த்தாய் சித்திரவதை செய்ததா? செய்தது. ஆனால் அதற்குப் பேர்போன இடம் இந்த ஆஸ்பத்திரி இல்லை. ஆர்ச்சர்ட் ரோட்டின் முனையில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். 1943 அக்டோபர் 10க்குப் பிறகு, நேச நாட்டுப் படையினர் துறைமுகத்தில் கப்பல்களை வெடிவைத்துத் தகர்த்ததற்கு உளவு சொன்னார்கள் என்ற சந்தேகத்தில் 57 பேரைப் பிடித்தார்கள். அதில் 15 பேர் செத்துப்போனார்கள். அந்தச் சம்பந்தத்திலேயே எலிசபெத் சோய் என்ற பெண்மணியைக் கிட்டத்தட்ட 200 நாள் அடைத்துவைத்து வதைத்தார்கள். அந்தக் குண்டுவெடிப்புக்கும் பிடிபட்டவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. பழைய கட்டடத்தை இடித்து 1980களில் அதே இடத்தில் புதிது கட்டிவிட்டார்கள். அந்த வழியாகத்தான் நாம் ஷாப்பிங் போகிறோம்.

ஆஸ்பத்திரியில் கொலை நடந்ததா? நடந்தது. அதுவும் ராணுவ ஆஸ்பத்திரியில்தான். ஆனால் தீவின் இன்னொரு பக்கத்தில், அலெக்ஸாண்ட்ராவில். 1942 பிப்ரவரி 14, பிரிட்டிஷ் படை சரணடைவதற்கு முந்தைய நாள். ஜப்பானிய சிப்பாய்கள் வார்டுக்குள் நுழைந்து நோயாளி, டாக்டர் என்று பார்க்காமல் துப்பாக்கிக் கத்தியால் குத்தினார்கள். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் மேசையில் கிடந்த ஒருவரையும் விடவில்லை. நடக்க முடிந்தவர்களை மூச்சுவிட இடமில்லாத சின்ன அறைகளில் ராத்திரி முழுக்க அடைத்துவைத்து, மறுநாள் வெளியே கூட்டிப்போய்க் கொன்றார்கள். இரண்டு நாளில் ஏறக்குறைய 200 பேர். அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மருந்து வாங்க வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சாங்கியிலேயே ஒன்றும் நடக்கவில்லையா? நடந்தது. நாங்கள் நாசி லெமாக் சாப்பிட்ட இடத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. சாங்கி கடற்கரையில், 1942 பிப்ரவரி 20 அன்று 66 சீன ஆண்களை நீரோரத்தில் நிறுத்திச் சுட்டார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பக்கத்தில் பிள்ளைகள் மணல்வீடு கட்டுகிறார்கள்.

சுரங்கக் கதைக்கும் ஒரு வேர் இருக்கிறது. சாங்கியில் ஜோகூர் பேட்டரி என்று 15 அங்குல பீரங்கிகள் மூன்று வைத்திருந்தார்கள். அதற்கான நிலத்தடி குண்டுக் கிடங்கும் சுரங்க வழிகளும் மறந்தேபோய் 1991ல்தான் மறுபடி கண்ணில் பட்டன. ஆக, சுரங்கம் உண்டு. அது பீரங்கிக்கு, ஆஸ்பத்திரிக்கு இல்லை. "ஏன் இடிக்கவில்லை" என்ற ரகசியத்திலும் ரகசியம் ஒன்றுமில்லை. சொகுசு விடுதி ஆக்கலாம் என்று 2000களில் டெண்டர் எல்லாம் விட்டார்கள், காரியம் ஆகவில்லை. அவ்வளவுதான்.

இன்னொன்று. போர்க்கைதிகளின் ஆஸ்பத்திரி இருந்த சாங்கி ராபர்ட்ஸ் பாரக்ஸில் ஒரு சுவர் விஷயம் உண்டு. ஸ்டான்லி வாரன் என்ற கைதி, வயிற்றுக்கடுப்பில் செத்துப் பிழைத்தவர், 1942-43ல் அங்கிருந்த தேவாலயச் சுவரில் ஐந்து பைபிள் காட்சிகளை வரைந்தார். பெயிண்ட் கிடைக்காததால் பில்லியர்ட்ஸ் கோலுக்குப் பூசும் நீலச் சாக்கட்டியைப் பொடித்து நீல நிறம் செய்தாராம். சங்கிலித் தடத்தைப் பற்றி எனக்குப் பத்துப் பேர் சொன்னார்கள். இதை ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

படித்ததையெல்லாம் பெருமையாகப் பாட்டியிடம் ஒப்பித்தேன். செத்தவர்கள் இருக்கும் இடத்துக்குப் பேய் வருவதில்லை, ஆள் இல்லாத இடத்துக்குத்தான் வருகிறது என்று தத்துவம் வேறு. பாட்டி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார். பிறகு அவராகவே சொன்னார்.

"எங்கப்பாவ ஜப்பான்காரன் சயாமுக்குக் கொண்டுபோனான். தோட்டத்துல பேர் எழுதுனாங்களாம். மூணு மாசத்துல திரும்பிடலாம், சம்பளம் உண்டுன்னு. எனக்கு அப்ப ரெண்டு வயசு. மொகமே தெரியாது."

சயாம் மரண ரயில்பாதை. பர்மாவுக்கு ரயில் விட ஜப்பானியர் 1943 அக்டோபரில் முடித்த பாதை. அதில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கும் மேல். அவர்களுக்குக் கல்லறை உண்டு, கல்லறையில் பேர் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு செத்தவர்கள் ஆசியக் கூலிகள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். பேர் பொறித்த கல்லறை கிடையாது. காட்டோடு காடாகப் போனார்கள்.

"செத்தாரா, எங்கயாச்சும் இருக்காரான்னு ஒரு சேதி வரல. எங்கம்மா பொட்ட அழிக்கவா வேணாமான்னு தெரியாமயே வாழ்ந்தா. ராத்திரி நாய் கொரைச்சா எழுந்துபோய்க் கதவத் தொறந்து பாப்பா. ஊர்ல பேயின்னு பயந்து கதவ மூடுவாங்க. எங்கம்மா, பேயா வந்தாலும் வரட்டும்னு தொறப்பா."

கீரைக்காம்பைத் தட்டில் தள்ளிவிட்டு, "வரல" என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது?

பாட்டி இப்போது இல்லை. நானும் வேறு பேட்டைக்கு வீடு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. அலுவலகத்தில் புதிதாக ஊரிலிருந்து வரும் பையன்கள் இன்னமும் கேட்கிறார்கள், "அண்ணே, அந்த ஆஸ்பத்திரியில நெசமாவே பேய் இருக்கா?" என்று. முன்பெல்லாம் எங்கள் அலறல் கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் அதோடு நிறுத்துவதில்லை. அலெக்ஸாண்ட்ராவையும் கடற்கரைக் கல்லையும் சொல்கிறேன். கடைசியில், ராத்திரி நாய் குரைத்தால் கதவைத் திறந்து பார்த்த ஒரு அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன்.

சில பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். பரவாயில்லை. எவனோ ஒருத்தன் "அப்புறம் என்னண்ணே ஆச்சு?" என்பான். அவனுக்காகத்தான்.

டிஸ்கி: அங்கே வேலி போட்டிருக்கிறார்கள், உள்ளே நுழைவது சட்டப்படி குற்றம். நாங்கள் செய்ததைச் செய்யாதீர்கள். சாங்கி போனால் நாசி லெமாக் சாப்பிடுங்கள், அப்படியே கடற்கரையில் அந்தக் கல்லைத் தேடிப்பிடித்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.