காற்றை இறக்குங்க, தம்பி!

மணல் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, மெரினாவில் சுண்டலோடு சேர்ந்து பல்லில் நறநறப்பது. மற்றது, ஊரில் வீடு கட்டும்போது லோடு லோடாக வந்து வாசலை அடைப்பது. அபுதாபிக்கு வேலைக்கு வந்து ஆறு வருஷமாகியும் ஏ.ஸி. ஆபீஸ், ஏ.ஸி. கார், ஏ.ஸி. ஃப்ளாட் என்று மணலைக் கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘‘லிவாவுக்குப் போய், மணல் மேட்டுல டென்ட் போட்டு ஒரு ராத்திரி படுக்கலாமா?’’ என்றான் பக்கத்து ஸீட் நண்பன். அப்போதுதான் நான் புதுசாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கியிருந்தேன். கேட்கவேண்டுமா!

லிவா, அபுதாபியிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். பேரீச்சந்தோப்புகள் பிறை மாதிரி வளைந்து கிடக்கும் பாலைவனச் சோலை. அதற்குத் தெற்கே ‘ருப் அல் காலி’. ஸவூதி, ஓமன், எமிரேட்ஸ், ஏமன் என்று நாலு நாட்டில் கால் நீட்டிப் படுத்திருக்கிற பாலைவனம். சுமார் 6,50,000 சதுர கிலோமீட்டர். ஐந்து தமிழ்நாட்டை உள்ளே வைத்துவிடலாம். 1940-களில் வில்ஃப்ரெட் தெஸிஜர் என்ற ஆங்கிலேயர், தோல் பைகளில் தண்ணீர் கட்டிக்கொண்டு, பெதூயின்களோடு ஒட்டகத்தில் இதைக் கடந்தார். எங்களிடம் இருந்தது ஒரு வண்டி, மசாலா தடவிய சிக்கன் மூன்று கிலோ, அளவு கடந்த தைரியம்.

நல்லவேளை, கீழக்கரை பாய் குறுக்கே வந்தார். இருபது வருஷமாக இந்த மணலில் வண்டி ஓட்டுகிறவர்.

‘‘ஒரே வண்டியா? ஒரு வண்டில மணலுக்குள்ள போறது, திரும்பி வர டிக்கெட் எடுக்காம போற மாதிரி. நானும் என் வண்டில வர்றேன். தண்ணி எவ்வளவு?’’

‘‘ஒரு கேஸ் பாட்டில், பாய்.’’

‘‘குடிக்க மட்டுமே ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு லிட்டர். ரெண்டு நாள் பயணத்துக்கு மூணு நாள் தண்ணி. மண்வெட்டி? இழுக்கிற கயிறு? டயருக்குக் காத்தடிக்கிற பம்ப்? முதலுதவிப் பெட்டி? டார்ச்? நெருப்பணைக்கிற ஸிலிண்டர்?’’

பேங்க் லோனுக்குக்கூட என்னை யாரும் இவ்வளவு கேட்டதில்லை.

கடைசியாக ஒன்று கேட்டார்: ‘‘வீட்ல எழுதிக் குடுத்தாச்சா?’’ எங்கே போகிறோம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் எல்லாம் ஒரு தாளில். ‘ஞாயிறு மதியம் 1 மணி வரை தகவல் இல்லையென்றால் 999-க்கு போன் செய்யவும்’ என்று எழுதி மனைவியிடம் கொடுத்தேன். அவள் ஒன்றும் பேசாமல் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். தார் ரோடு முடிந்ததும் பாய் இறங்கி, ‘‘காத்தை இறக்குங்க, தம்பி’’ என்றார். ரோட்டில் 35 இருக்கிற டயர் காற்று, மணலில் 15-லிருந்து 18-க்குள் இருக்கவேண்டும். காற்று குறைந்தால் டயர் சப்பையாகி, பாரத்தை அகலப் பரப்பும். ஒட்டகத்தின் பாதம் மாதிரி. புது டயராச்சே என்று மனசு கேட்கவில்லை. பாய் பார்க்காத நேரத்தில் 25-ல் நிறுத்திக்கொண்டேன்.

மேடுகள் தொடங்கின. காற்று வீசும் பக்கம் சரிவாக, கொஞ்சம் இறுகலாக இருக்கும். மறுபக்கம் செங்குத்து, பொலபொலவென்று சரியும். ஏறினாலும் இறங்கினாலும் நேராகத்தான். சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். மேட்டுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்கு நாம் இருப்பது தெரியவேண்டுமே, அதற்காக வண்டி மேல் உயரமாக ஒரு ஆரஞ்சுக் கொடி.

இதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிய நான், அரை மணி நேரத்தில் ஏறுமுகச் சரிவில் போட்டோ எடுக்க நிறுத்தினேன். நிறுத்தினால் இறங்குமுகமாகத்தான் நிறுத்தவேண்டும் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டி, வயிறு தரையில் தட்டிய பிறகுதான் ஓய்ந்தது.

பாய் வண்டி இரண்டு மேடு தாண்டிப் போயிருந்தது. போனில் சிக்னல் இல்லை. மணி மூன்று.

‘‘அதோ டவர் தெரியுது மச்சான். கூப்பிடு தூரம்தான். நடந்து போய் ஆள் கூட்டி வந்துடறேன்’’ என்று நண்பன் அரை பாட்டில் தண்ணீரோடு கிளம்பிவிட்டான். நானும் ‘சரி’ என்று சொல்லிவிட்டேன். இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குவது அந்தச் ‘சரி’தான்.

அவன் முதல் மேட்டைத் தாண்டுவதற்குள், பின்னால் எங்களைக் காணோமே என்று பாய் திரும்பி வந்துவிட்டார். அவர் கத்திப் பேசி அன்றுதான் கேட்டேன்.

‘‘வண்டியை விட்டு நடக்காதீங்க! மணல்ல தூரம் பொய் சொல்லும். பக்கம்னு தெரியறது பத்து கிலோமீட்டரா இருக்கும். தேடி வர்றவங்க கண்ணுக்கு வண்டி தெரியும், மனுஷன் தெரியமாட்டான். நிழல், தண்ணி எல்லாம் வண்டிகிட்டதான் இருக்கு.’’

பிறகு டயர் காற்றை அளந்தார். 25. என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் மணலை வாரினோம். காற்றை 12-க்கு இறக்கி, மெதுவாகப் பின்பக்கமாக எடுத்தேன். சமர்த்தாக வெளியே வந்துவிட்டது. இவ்வளவு குறைந்த காற்றில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுமாம். கல்யாண ஊர்வலக் கார் மாதிரி ஓட்டினேன்.

இருட்டுவதற்கு முன்பே டென்ட் போட்டோம். வண்டித் தடம் இல்லாத இடமாக, மேட்டின் அடிவாரத்தை விட்டு விலகி. ராத்திரி எவனாவது மேட்டைத் தாண்டிக் குதித்தால், நாம் இருப்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

பாலைவனத்தில் டிசம்பர் குளிர் பல்லைத் தந்தியடிக்க வைத்தது. சிக்கன் சுட்ட கரி அடுப்பை டென்டுக்குள் இழுத்தான் நண்பன். மறுபடியும் பாய்தான் தடுத்தார். மூடிய இடத்தில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். கரியை மணலில் மூடினாலும் பல மணி நேரம் கனன்று, யார் காலையாவது சுடும். தண்ணீர் ஊற்றி அணைத்தோம். பிளாஸ்டிக் பைகளையெல்லாம் பொறுக்கிக் கட்டினோம். விட்டால் ஒட்டகம் தின்று தொலைக்கும்.

படுத்தால், மேலே நட்சத்திரம்... நட்சத்திரம்... இத்தனை வருஷம் இதையெல்லாம் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள்?

காலையில் ஷூவை நாலு தட்டு தட்டி, தேள் இல்லை என்று பார்த்துப் போட்டுக்கொண்டோம். தார் ரோட்டில் ஏறியதும் முதல் வேலையாக டயருக்குக் காற்றடித்தோம். 35.

வீட்டுக் கதவைத் தட்டும்போது மணி பன்னிரண்டு ஐம்பது. வழியில் சிக்னல் வந்த பிறகும் போன் செய்ய எனக்குத் தோன்றவில்லை. மனைவி கதவைத் திறந்தாள். ஒரு கையில் அந்தத் தாள், இன்னொரு கையில் போன்.

‘‘இன்னும் பத்து நிமிஷம் இருக்கே’’ என்றேன் அசட்டுச் சிரிப்போடு.

‘‘எனக்குத் தெரியும். பதினோரு மணியிலேர்ந்து கடிகாரத்தைத்தான் பார்த்துண்டிருக்கேன்’’ என்றாள்.