பாட்டி சிவந்த கதை

தமிழில் ‘சிவப்பு’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, செம்பருத்தியின் நிறம். இன்னொன்று, பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொல்லும் ‘பொண்ணு நல்ல சிவப்பு’. பழைய குடும்பப் படத்தை வீட்டிலேயே அச்சிட உட்கார்ந்தால், இந்த இரண்டு சிவப்போடும் மல்லுக்கட்ட வேண்டும். முதலாவது எளிது. இரண்டாவதுதான் பெரிய தொல்லை.

என் கைக்கு வந்தது 1978-இல் கிள்ளானில் நடந்த அத்தையின் திருமணப் படம். தாத்தா வெள்ளை வேட்டியில் நிற்கிறார். பக்கத்தில் பாட்டி. காப்பார் பக்கம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்; வெயில் குடித்த கருத்த முகம், நெற்றியில் திருநீறு, எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டை. பாட்டியின் முகம் தெளிவாகத் தெரியும் ஒரே கலர் படம் அதுதான். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆல்பத்துக்குள் கிடந்ததில் படம் முழுவதும் செங்கல் நிறமாகிவிட்டது. வேட்டி ரோஸ் நிறம், பந்தல் வாழை பழுப்பு நிறம்.

அந்தக் காலத்துக் கலர் தாளில் மூன்று சாயங்கள் இருக்கும்: நீலப்பச்சை (சையன்), மெஜந்தா, மஞ்சள். எழுபதுகளின் தாள்கள் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தாலும் சையன் சாயம் மற்ற இரண்டையும் முந்திக்கொண்டு மங்கிவிடும். சையன் போனால் மிஞ்சுவது சிவப்பு. உங்கள் வீட்டு ஆல்பத்திலும் அந்த ஆண்டுகளின் படங்கள் இப்படிச் சிவந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். நம் ஊர் வெப்பமும் ஈரக்காற்றும் அதை இன்னும் விரைவுபடுத்தும்.

பாட்டியின் திதிக்கு முன் படத்தைப் பெரிதாக்கி மாட்ட வேண்டும் என்று அத்தை ஒரு கடையில் கொடுத்தார். கடையின் பெயர் வேண்டாம். இரண்டு நாளில் பளபளவென்று படம் வந்தது. செங்கல் நிறம் போயிருந்தது. கூடவே பாட்டியின் நிறமும் போயிருந்தது. கன்னச் சுருக்கம் இல்லை, முகம் கோதுமை நிறம். அத்தை அதைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். “யாரும்மா இது? எங்கம்மாவ எங்க?” என்றார். கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். ‘கொஞ்சம் சிவப்பா போடுங்க’ என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் அவருக்கு நிறைய.

கடைக்காரரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது கேள்விப்பட்ட ஒரு பெயர் அன்று நினைவுக்கு வந்தது: ஷெர்லி. 1950-களிலிருந்து கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு ஓர் அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். அவள் முகம் சரியாக வரும்படி இயந்திரத்தைத் திருகி வைத்தால், நிறம் சரி என்று பொருள். முதலில் அப்படிப் படத்துக்கு நின்றவரின் பெயர் ஷெர்லி என்பதால், பிறகு யார் நின்றாலும் அது ‘ஷெர்லி அட்டை’தான். அதாவது, ‘சரியான நிறம்’ என்பதற்கே அளவுகோல் ஒரு வெள்ளை முகம். கனடாவின் கொன்கோர்டியா பல்கலைக்கழகப் பேராசிரியர் லோர்னா ரோத் 2009-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கருத்த நிறங்களைப் பிரித்துக் காட்டும்படி பிலிமைத் திருத்தக் கோடாக்கை முதலில் நெருக்கியவர்கள், சாக்லேட் நிறுவனங்களும் மரத் தளவாடம் விற்பவர்களுமாம்! விளம்பரத்தில் கறுப்புச் சாக்லேட்டும் பால் சாக்லேட்டும் ஒரே மாதிரி தெரிந்ததுதான் அவர்கள் புகார். பல இனப் பெண்களைச் சேர்த்து நிறுத்திய அட்டை 1990-களில்தான் வந்தது. அதற்குள் நம் தோட்டப்புறங்களில் எத்தனை கல்யாணங்கள் படமெடுத்து முடிந்திருக்கும்!

ஆகவே வீட்டிலேயே அச்சிட முடிவெடுத்தேன். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என்னிடம் இருப்பது சாதாரண இங்க்ஜெட் பிரிண்டர்தான். படத்தில் கைவைப்பதற்கு முன் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். ‘நாசில் செக்’ என்று ஒரு பக்கம் அச்சாகும். அதில் கோடு விட்டுப்போயிருந்தால் மை வரும் துளை அடைத்திருக்கிறது. சையன் வராவிட்டால் படம் சிவக்கும், மெஜந்தா வராவிட்டால் பச்சையடிக்கும், மஞ்சள் வராவிட்டால் நீலம் பாயும். சுத்தம் செய்யும் பொத்தானை இரண்டு மூன்று முறைக்கு மேல் அழுத்தாதீர்கள், மைதான் வீணாகும். சில மணி நேரம் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இளகிவிடும்.

அடுத்து, தாளின் வகை. பளபளப்புத் தாளை வைத்துவிட்டு அமைப்பில் ‘சாதாரணத் தாள்’ என்றே விட்டால் நிறம் எங்கேயோ போய்விடும். படத்திருத்தச் செயலியும் பிரிண்டரும் ஒரே நேரத்தில் நிறத்தைச் சரிசெய்தாலும் படம் மெஜந்தாப் பக்கம் சாயும். இரண்டு மாமியார் உள்ள வீடு மாதிரி. ஒன்றை அணைத்துவிடுங்கள். இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதியும் அணைந்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகுதான் பாட்டி. ஸ்கேன் செய்த படத்தில் முகத்தைத் தொடவே இல்லை. செயலியின் தானியங்கித் திருத்தத்தையும் நம்பவில்லை. முகம் எந்த நிறம் என்பதுதானே கேள்வி, அதையே எப்படி அளவுகோலாக வைப்பது? நிறம் உறுதியாகத் தெரிந்த வேறு பொருள் வேண்டும். தாத்தாவின் வேட்டி வெள்ளைதானே என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்து வேட்டி நீலம் போட்டு அலசியது! அதை ‘இதுதான் வெள்ளை’ என்று செயலிக்குக் காட்டினால், அந்த நீலத்தைச் சமன்செய்வதாக நினைத்துப் படம் முழுவதும் மஞ்சளைப் பூசிவிடும். பாட்டியின் கொண்டைதான் கைகொடுத்தது. எண்ணெய்க் கூந்தலின் நிழல் பகுதி கருப்பு, அதில் சந்தேகமில்லை. சையன் மங்கியதால் அந்தக் கருப்பிலும் சிவப்பு ஏறியிருந்தது. ‘லெவல்ஸ்’ பகுதியில் சிவப்பு நிறத்தை மட்டும் எடுத்து, இடது முனையை வரைபடம் தொடங்கும் இடம்வரை நகர்த்தினேன். கூந்தல் கருத்தது. பின்னாலிருந்த வாழை இலை பச்சைக்குத் திரும்பியது. நெற்றித் திருநீறு சாம்பல் வெள்ளையானது. முகம் தானாக வந்தது.

பெரிய தாளில் உடனே அச்சிடவில்லை. 4ஆர் அளவில் ஐந்து படங்கள், ஒவ்வொன்றிலும் சிறு மாற்றம். பின்பக்கம் பென்சிலால் எண். மை ஆற ஒரு நாள் விட்டேன், ஈரத்தில் பார்க்கும் நிறம் நிலைக்காது. வானொலியிலும் இப்படித்தான். நிலையத்தின் நல்ல ஒலிபெருக்கியில் இனிமையாக இருக்கும் விளம்பரம், பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நிற்கும் காருக்குள் எப்படிக் கேட்கிறது என்பதுதான் முக்கியம். படத்தையும் அது மாட்டப்போகும் இடத்தில் பார்க்க வேண்டும். ஐந்தையும் கோப்பில் வைத்துக்கொண்டு கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன்.

அத்தை வீட்டுச் சாமி அறையில் மஞ்சள் விளக்கு. அங்கே எல்லாப் படமும் ஒன்றுபோல்தான் தெரிந்தது. அத்தை ஐந்தையும் அள்ளிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார். இடது கைச் சேலையை விலக்கி, முன்கையைப் படத்தின் பக்கத்தில் நீட்டினார்.

“எல்லாரும் சொல்வாங்க, நான் அப்படியே எங்கம்மா கலருன்னு. கல்யாணத்துல ஒரு கிழவி அதையே குறையா சொல்லிட்டுப் போச்சு” என்றார்.

ஒவ்வொரு படமாகக் கையோடு வைத்துப் பார்த்தார். இரண்டாம் எண் வெளுப்பு என்று தள்ளிவிட்டார். ஐந்தாம் எண்ணில் பச்சை அடிக்கிறது என்றார். உண்மைதான், எனக்குக் கணினியில் அது தெரியவே இல்லை. மூன்றையும் நான்கையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இது என் கை. ஆனா அம்மா வெயில்ல நின்னவங்க, எனக்கு மேல கொஞ்சம் கருப்பு” என்று நான்கை எடுத்தார்.

நான்காம் எண்ணை ஏ4 அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டு, திதிக்கு முந்தின நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடைக்காரர் கொடுத்த படத்தை அத்தை தூக்கிப்போடவில்லை, அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறார். போன வாரம் அழைத்து, ரவாங்கில் இருக்கும் சித்தப்பாவுக்கும் சிரம்பானில் இருக்கும் சின்ன அத்தைக்கும் ஆளுக்கொன்று வேண்டும் என்றார். மெஜந்தா மை முடியும் நிலையில் இருக்கிறது. வாங்கியதும், முதலில் நாசில் செக்.